தட்டில் மிஞ்சிய பேனைகள்

றுக்கியாவின் வாப்பா முத்தலிப் காக்காவுக்கு நான் ஒரு காலத்தில் பதினோராயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். இன்றைக்கு அந்தக் காசுக்கு என் கடையில் ஐந்து பை சீமெந்து வாங்கலாம். அன்றைக்கு அதை வைத்து, துறைமுகத்தில் கழித்துவிட்ட பழைய இரும்பு ஒரு லொறி நிறைய வாங்கினேன். வட்டி எவ்வளவு என்று கேட்டபோது, "வட்டி எங்களுக்கு ஹறாம், தம்பி. அந்தக் கணக்கில நீ தப்பினாய்" என்று சிரித்தார். சொன்ன தவணைக்கு முன்னமே சதம் குறையாமல் கொடுத்து முடித்தேன். எனக்குக் காசு தந்தவனும் இருக்கிறான், என்னிடம் வாங்கினவனும் இருக்கிறான். இரத்தினசிங்கம் ஏமாற்றினான் என்று சொல்ல இந்தத் திருகோணமலையில் ஒருத்தன் இல்லை.

தம்பலகாமத்திலிருந்து வெறுங்காலோடு வந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் காணவில்லை. இன்றைக்கு டொக்யார்ட் வீதியில் இரண்டு மாடியில் ஹாட்வெயார் கடை, மூன்று லொறி. சண்டைக் காலத்தில்கூட என் கடைக் கதவு ஒரு நாள் முழுக்கப் பூட்டிக் கிடந்ததில்லை. இதை எழுதுவதும் நானேதான். என்னைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறையக் கிடக்கிறது. ஆனால் இது றுக்கியாவின் கதை.

முத்தலிப் காக்காவுக்கு அவள் ஒரே பெண். அவர்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து சேர வேண்டும். கிண்ணியாவில் காக்கா கட்டிய வீட்டுக்கு ரிஷாத் என்ற பொடியன் ஒரு முச்சக்கர வண்டியும் ஒரு வாயும் கொண்டு வந்து சேர்ந்தான். வாய் பெரிது, மனதும் பெரிது. காக்கா மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு அவருடைய மனைவி ஆமினா உம்மா பாரிசவாதத்தில் விழுந்தார். வீடு எவளுக்கோ உம்மாவும் அவளுக்குத்தான். கழுவித் துடைப்பது, ஊசி போடுவது, சோறு ஊட்டுவது எல்லாம் றுக்கியா.

இதற்கு நடுவில் அவள் ஊரிலுள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் சம்பளம் கிடையாது. பெற்றோர் சங்கம் சேர்த்துக் கொடுக்கிற காசு பஸ்ஸுக்குக் காணும். பல வருடமாக முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதப் பழக்குவது அவள்தான். நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத்துக்குப் போவதென்றால் உயர்தரத்துக்கு மேலே ஒரு சான்றிதழ் வேண்டும், வயது நாற்பதைத் தாண்டக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

2020ஆம் ஆண்டு தொடங்கியபோது என் மேல்மாடி சும்மா கிடந்தது. அஸ்பெஸ்டஸ் தகடு அடுக்குகிற இடம். பிரகலாதன் என்றொரு ஆசிரியர் வந்து சனி, ஞாயிறுக்கு அதை வாடகைக்குக் கேட்டார். வெளியூர்க் கல்லூரி ஒன்றின் இரண்டு வருடக் கலைப் பட்டயப் படிப்பை இங்கே நடத்தப் போகிறாராம், அவர்தான் இணைப்பாளர். தமிழ், வரலாறு, புவியியல், நாகரிகம் என்று பாடங்களைச் சொன்னார். நான் வாடகையில் பாதியை வெட்டிவிட்டேன். படிப்புக்கு என்று கேட்டால் நான் கணக்குப் பார்க்கிறவன் இல்லை, ஊருக்கே தெரியும்.

முதல் சனிக்கிழமை ரிஷாத்தின் வண்டியிலிருந்து றுக்கியா இறங்கியதைக் கண்டபோது எனக்குச் சந்தோசம். அவளுக்கு அப்போது முப்பத்தாறு. இரண்டு வருடம் படித்தாலும் இன்னும் இரண்டு வருடம் கையில் இருக்கிறது. கணக்கில் நான் பிழை விடுவதில்லை. சரியாகத்தான் இருந்தது.

இரண்டாம் கிழமையே ஒரு புதினம் சொன்னாள். இஸ்லாமிய நாகரிகத்துக்கு நாலு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். ஆகவே அவளை இந்து நாகரிகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"என்ன பிள்ளை, உண்மையாவோ?" என்று கேட்டேன்.

"வேற என்ன செய்யிற, மாமா? நாலு பேருக்காக விரிவுரையாளர் பஸ் ஏறி வரமாட்டாராம்."

ரிஷாத் என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு தொடங்கினான். "முதலாளி, எங்கட வீட்டில இப்ப ஆணத்தில உப்புக் காணாட்டி அது மாயை எண்டு சொல்றா."

"உப்புக் காணாத ஆணத்தில மூணு கோப்பை சோறு திண்டது யாராம்?" என்றாள் அவள். "அதுவும் மாயையா?"

வகுப்பு மேலே நடக்கும், நான் கீழே. என் மேல்மாடி பலகைத் தளம், ஒரு சொல் தவறாமல் இறங்கும். ஒருத்தனுக்கு நான் ஆணி நிறுத்துக் கொடுப்பேன், மேலே கோபுரத்தின் நிலைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மழையில் மூன்று வகை உண்டு என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. இந்த ஊரில் பெயின்ற் வாங்க வந்தவனுக்கு மேற்காவுகை மழை என்றால் என்னவென்று விளங்கப்படுத்திய முதலாளி நான் ஒருத்தன்தான்.

றுக்கியா படித்தது பெரும்பாலும் உம்மாவின் கட்டிலடியில். சத்தம் போட்டு வாசித்தால்தான் அவளுக்கு ஏறும். ஆமினா உம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாராம். ஒரு நாள் கோயிலின் அமைப்பை வாசித்தபோது உம்மா கண்ணைத் திறந்தார்.

"யார் மகள் அந்த நந்தி?"

"சிவன்ட வாசலில இருக்கிற மாடு, உம்மா."

"வெயிலுக்கும் வாசல்லதானா? பாவம். உள்ளுக்கு வரச் சொல்லேன்."

இதை றுக்கியா மேலே வகுப்பில் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் என் கடைக்கு மேலிருந்து தூசி கொட்டியது.

பிறகு கொரோனா வந்தது. மேல்மாடி பூட்டு. வகுப்பு போனுக்குள் போயிற்று. சிக்னல் பிடிக்கக் கிண்ணியாப் பாலத்தில் ரிஷாத்தின் வண்டியை நிறுத்தி, பின்சீற்றில் இருந்து படித்தாள். கொரோனா ஓய, பெற்றோல் இல்லாமல் போயிற்று. ரிஷாத் வண்டியோடு வரிசையில் கிடக்க, இவள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தாள். விரிவுரையாளர் வராத சனிக்கிழமைகளும் உண்டு. அப்போது கீழே வந்து என் மேசையடியில் நின்று, "இண்டைக்கும் இல்லையாம், மாமா" என்பாள். நான் தேத்தண்ணி எடுப்பிப்பேன். வேறென்ன செய்ய?

முதலாம் வருடப் பரீட்சையை மண்டபத்தில் வைக்க ஏலாமல் வீட்டிலிருந்தே ஒப்படையாக எழுதி அனுப்பச் சொன்னார்கள். இந்து நாகரிகத்தில் வகுப்பிலேயே கூடிய புள்ளி றுக்கியாவுக்கு. ஆனால் இரண்டு வருடப் படிப்பில் முதலாம் வருடம் முடிய மூன்று வருடம் போய்விட்டது. 2023 பிறந்தபோது அவளுக்கு முப்பத்தொன்பது. ஐப்பசியில் நாற்பது. கல்லூரி ஒரு விட்டுக்கொடுப்புச் செய்தது: இரண்டாம் வருடத்தை எட்டு மாதத்துக்குள் ஓட்டி, புரட்டாதியில் பரீட்சை வைப்பது. கயிறு நுனியில் என்றாலும் கைக்கு எட்டும். வகுப்புக்கு வந்துகொண்டிருந்த எல்லோரும் இரண்டாம் வருடக் காசைக் கட்டினார்கள்.

அப்போதுதான் அறிவித்தல் வந்தது. இறுதிப் பரீட்சை மட்டக்களப்பில், ஐந்து நாள்.

வகுப்பில் முக்கால்வாசி பெண்கள். ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்திக்குப் புருசன் விடமாட்டான், ஒருத்திக்குத் தங்க இடமில்லை. நான் றுக்கியாவிடம் சொன்னேன்: "என்ட வீட்டு வான் கிடக்கு. வெருகல் வழியாப் போய்ப் பின்னேரம் திரும்பி வா. டீசல் என்ட பொறுப்பு."

"விடிய முந்திப் போனால் உம்மாவை யார் மாமா கழுவுற? ஆம்பிள ரிஷாத் செய்வாரா? செய்தாலும் உம்மா விடுவாவா?"

அதற்கு என்னிடம் வான் இல்லை.

பரீட்சையைத் திருகோணமலையிலேயே வைக்கச் சொல்லிக் கேட்பது என்று முடிவாயிற்று. வெறுங்கையோடு போய்க் கேட்பதா? பிரகலாதன் சொன்னார்: "ஒருத்தரிட்ட ஒண்டு கேக்கிறதெண்டால் முதல்ல அவரைக் கனம்பண்ண வேணும், முதலாளி. கல்லூரி உதவிப் பதிவாளரைக் கூப்பிடுவம். இரண்டாம் வருடத் தொடக்க விழா. பொன்னாடை, மாலை, ரெண்டு பேச்சு, சாப்பாடு. மனம் குளிர்ந்த நேரம் றுக்கியா எழும்பிக் கேக்கட்டும்."

வகுப்பு முழுதும் அதுதான் சரி என்றது. நானும் சொன்னேன். விழா இல்லாமல் எந்தக் காரியம் இந்த ஊரில் தொடங்கியிருக்கிறது? சாப்பாட்டை நான் ஏற்றேன். எல்லோருக்கும் பொதுவாக மரக்கறி. ஒருத்தருக்கும் சங்கடம் இல்லை. பாயாசத்துக்கு முந்திரிகைப்பருப்பு நானே பார்த்து வாங்கினேன்.

ஒரு விசயம் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இருபது பேருக்குக் குறைந்தால் இரண்டாம் வருடம் நடத்தக் கூடாது என்று கல்லூரியில் ஒரு விதி. பதிவில் இருந்தது இருபத்துமூன்று பேர். மேல்மாடியில் இருந்தது பதினாலு பேர். கொரோனாவிலும் பெற்றோல் வரிசையிலும் மற்ற ஒன்பது பேர் கழன்றுபோனார்கள். பிரகலாதன் அந்தப் பெயர்களை வெட்டாமல் வைத்திருந்தார். அவர் அப்படிச் செய்ததால்தான் மிச்சப் பதினாலு பேரும் படித்தார்கள்.

உதவிப் பதிவாளர் வந்தார். மெல்லிய மனிதர், மரியாதையான பேச்சு. குத்துவிளக்கில் றுக்கியாவும் ஒரு திரி ஏற்றினாள். பொன்னாடையை நான் போர்த்தினேன். பட்டுக்கரை வைத்தது, விலை சொல்லத் தேவையில்லை. என் பேச்சுக்கு நல்ல கைதட்டல். அடுத்தது மாணவர்களுக்கு எழுத ஆளுக்கொரு பேனை. பிரகலாதன் பதினாலு பெயரை மட்டும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். அவர் எழும்புவதற்குள் உதவிப் பதிவாளர் தன்னுடைய கோப்பை விரித்தார்.

"நானே வாசிக்கிறன். பிள்ளையளை அறிஞ்சுகொண்ட மாதிரியும் இருக்கும்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அதை எப்படித் தடுப்பது? பேனைத் தட்டிலும் கல்லூரி அனுப்பிய இருபத்துமூன்று பேனை அடுக்கியிருந்தது.

முதல் பெயருக்கு ஒரு பிள்ளை போய் வாங்கியது. இரண்டாவது பெயர், தயாளினி. யாரும் எழும்பவில்லை. பேனை அவர் கையில் நின்றது. "வரேல்லைப் போல" என்று சிரித்துவிட்டு அதைத் தட்டில் வைத்தார். இன்னும் இரண்டு பெயருக்கு ஆள் போயிற்று. பிறகு ஒன்றுக்கு இல்லை. பிறகு இன்னொன்றுக்கு இல்லை. பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்து, சிரிப்பு நடுவில் நின்றது.

"முஹம்மது தம்பி."

றுக்கியா எழும்பினாள். "அவர் கொரோனாவில மௌத்தாப் போயிட்டார், சேர்."

உதவிப் பதிவாளர் தலையைத் தாழ்த்தினார். அந்தப் பேனையையும் தட்டில் வைத்துவிட்டு அடுத்த பெயரை வாசித்தார். குரல் இறங்கிவிட்டது. அவருக்கும் நிறுத்த முடியவில்லை, எங்களுக்கும் முடியவில்லை. கடைசிப் பெயர் முடிந்தபோது தட்டில் ஒன்பது பேனை மிச்சம் கிடந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். றுக்கியா கேட்க இருந்ததைக் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரைக் கீழே என் மேசைக்குக் கூட்டி வந்தேன். பொன்னாடை இன்னும் தோளில் கிடந்தது.

"சேர், காணாமல் போன ஒன்பது பேருக்கும் காசு நான் கட்டுறன். இப்பவே."

"காசு ஏற்கெனவே கட்டின ஆக்களுக்கே வகுப்பு இல்லாமல் போகப்போகுது, ஐயா. காசு இல்லைப் பிரச்சினை. தலை வேணும்."

"பதிவில இருபத்துமூண்டு கிடக்கு. அப்பிடியே விடுங்கோவன்."

பொன்னாடையின் கரையை அவர் விரலால் தடவிக்கொண்டிருந்தார். "ஐயா, நான் இங்க வராமல் இருந்திருந்தால் அது அப்பிடியே போயிருக்கும். நான் கண்டிட்டன். கண்டதை எழுதாமல் விட என்னால ஏலாது." பிறகு சொன்னார்: "மாத முடிவுக்குள்ள முதலாம் வருடம் முடிச்ச இன்னும் ஆறு பேரைக் கொண்டு வாங்கோ. பேருக்கு வந்து நிண்டால் காணாது, மாதா மாதம் எண்பது வீத வரவு காட்டி அனுப்ப வேணும். அதுக்கு மேல எனக்கு இடம் இல்லை."

கெட்ட மனிதர் என்றால் சத்தம் போட்டிருப்பேன். சத்தம் போட எனக்குத் தெரியும்.

ஒன்பதில் ஒருவர் இல்லை. இரண்டு பேர் கட்டாருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் சரியாக ஆறு, ஆறு பேரும் முதலாம் வருடம் முடித்தவர்கள். நானும் ரிஷாத்தும் அவனுடைய வண்டியில் ஏறினோம். லொறி லொறியாகச் சீமெந்து விற்றவன் நான். ஒரு வகுப்புக்கு ஆள் சேர்ப்பது என்ன பெரிய காரியம்? தம்பலகாமத்தில் ஒருத்தியின் மாமனாரோடு வயல் வரம்பில் நின்று கதைத்தேன். யானை வருகிற வழி, பொழுது சாய முதல் பிள்ளை வீடு வர வேண்டும் என்றார். என் லொறி கொண்டுவந்து விடும் என்றேன். இன்னொருவனின் முகாமையாளரைப் பிடித்து அவனுடைய சனி, ஞாயிறு வேலையை மாற்றினேன். இப்படி ஐந்து பேர் சம்மதித்தார்கள். பத்தொன்பது.

ஆறாவது தயாளினி. உப்புவெளியில் தன் சீதன வீட்டின் நாலு அறையை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறாள். நாங்கள் போனபோது படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சனி, ஞாயிறுதான் எனக்கு அறை நிரம்புறது, ஐயா. அண்டைக்கு மேல்மாடியில இருந்தால் ஆர் பாக்கிறது?"

"ஒரு ஆளைப் போடு. சம்பளம் நான் தாறன்."

"மூண்டு வருசமா ஒருத்தரும் வராமல் வெறுங்கதிரை துடைச்சனான். இப்பதான் ஆக்கள் வருகினம். ஆளைப் போட்டிட்டுப் போக மனம் வராது." விரிப்பை உதறிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களெண்டால் கடையைப் பூட்டிப்போட்டு வருவியளோ?"

ரிஷாத் என்னைப் பார்த்தான். நான் செருப்பைப் பார்த்தேன். சண்டைக்கே பூட்டாதவன். 

"றுக்கியாவிட்ட என்னைக் கோவிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றாள். வண்டியில் ஏறும்போது இரண்டு இளநீர் வெட்டித் தந்தாள். குடிக்காமல் வந்தால் மரியாதை இல்லை என்பதற்காகக் குடித்தோம்.

கடைக்கு வந்து பிரகலாதனிடம் சொன்னேன்: "இருபதாவதா என்னை எழுதும்."

"முதலாளி..."

"என்ன முதலாளி? முதலாம் வருடம் முழுக்கக் கீழ இருந்து கேட்டனான். மழை எத்தனை வகையெண்டு கேளும், சொல்லுறன். எண்பது வீதமில்லை, நூறு வீதம் வரவு."

"உயர்தரம் வேணும், முதலாளி. பதின்மூண்டாம் வகுப்பு."

ரிஷாத் சொன்னான்: "முதலாளி அஞ்சு, நான் எட்டு. கூட்டினால் பதின்மூண்டு வருது, சேர். ரெண்டு பேரையும் சேத்து ஒரு ஆளா எழுதுங்க."

பிரகலாதன் சிரித்தார். நானும் சிரித்தேன். றுக்கியா படியில் நின்றாள். அவள் சிரிக்கத் தொடங்கி, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். எனக்கு மூன்று லொறி இருக்கிறது, கடையில் பத்துப் பேர் என் சோறு தின்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு தலையாக நிற்க மட்டும் என்னிடம் ஒன்றும் இல்லை.

மாத முடிவில் பிரகலாதன் என் முன்னால் இருந்துதான் போன் எடுத்தார். "பத்தொன்பது, சேர்." அந்தப் பக்கம் கோப்புப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பத்தொன்பது இருபது இல்லையே, தம்பி" என்று கேட்டது. அந்த மனிதரின் குரலும் நன்றாக இல்லை.

விரும்பியவர்கள் மட்டக்களப்பு வகுப்பில் சேரலாம் என்றார்கள். நாலு பொடியன்கள் போனார்கள். அவர்கள் புரட்டாதியில் பரீட்சை எழுதினார்கள் என்று கேள்வி. றுக்கியாவுக்கு ஐப்பசியில் நாற்பது முடிந்தது. அன்றைக்குக் கடைக்கு வந்தவள் அதைப் பற்றி ஒரு கதையும் கதைக்கவில்லை. உம்மாவின் கட்டிலைத் தள்ளி நகர்த்த, காலில் போடுவதற்கு இரண்டு சில்லு வாங்கிப் போனாள். காசு வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் வருடக் காசைத் திருப்பித் தருவோம் என்று கல்லூரி சொல்லியிருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து, அடுத்த மாசியில்தான் கைக்கு வந்தது. பிரகலாதனே போய் வாங்கி வந்தார். மேல்மாடியில் நான் மறுபடி தகடு அடுக்கிவிட்டேன். ஆகவே என் மேசையில் வைத்துக் கொடுத்தார். ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போனார்கள். றுக்கியா பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்தாள். அவள் இப்போதும் தொண்டர்தான். முதலாம் வகுப்பை விட்டுவிட்டு எங்கே போவாள்? ரிஷாத் வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றான்.

"முதலாம் வருடக் காசு தரமாட்டினமாம், தங்கச்சி" என்றார் பிரகலாதன். "அது நடந்து முடிஞ்ச படிப்பாம்."

"அப்ப, முடிஞ்சதெண்டு அவங்க எழுதித் தருவாங்களா, சேர்?"

"ரெண்டும் முடிச்சால்தான் எழுதுவினம்."

"காசுக்கு முடிஞ்சிட்டுது. கடுதாசிக்கு முடியல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிச் சொன்னாள்.

பிரகலாதன் என் முகத்தைப் பார்த்தார். அந்த மேசையில் எத்தனையோ பேருடைய வழக்கைத் தீர்த்திருக்கிறேன். அன்றைக்கு நிறுவைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

றுக்கியா கையை நீட்டினாள். விரல் இடுக்குகளில் சோக்குத் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. பிரகலாதன் ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை வாய்விட்டு எண்ணி, ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தார். ஏழாவதையும் வைத்துவிட்டு, "சரியோ, தங்கச்சி?" என்று கேட்டார். அவள் ஓம் என்று தலையாட்டினாள். கையை மூடவில்லை.